நாறாத மருந்து

“எம்பையன் செத்துப்போனா, உங்க புள்ள கல்யாணத்துல உங்களுக்கு எப்படிங்க அண்ணி சோறு எறங்கும்?”

“நல்ல காரியம் வெச்சிருக்கற ஊட்டுல நின்னுட்டு சாவு சாவுன்னு சொல்லாத பவளம்.”

“முடியத்தானுங்க கேட்டேன், கழுத்தவா கேட்டேன்? வெட்டுனா வளர்ற சாமான்தான.”

“உனக்கு அது வளர்ற சாமான். எம்புள்ளைக்கு அதுதான் சீரு. காங்கேயத்து மாப்ள ஊட்டுக்காரங்க எதப் பாத்துச் சரின்னாங்க, மூஞ்சியவா? வழுக்கத் தலையனுக்கு வாக்கப்பட்டுட்டு, இப்ப வந்து அடுத்தவ முடியக் கேட்டா?”

அதோடு சமையலறையில் பேச்சு நின்றுவிட்டது.

சென்னியப்பன் வாசல்படியில் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகலாமா, அப்படியே திரும்பி டீக்கடைக்குப் போய்விடலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டது அவருடைய தங்கை பவளக்கொடி. சொன்னது அவருடைய மனைவி சிந்தாமணி. அந்த வழுக்கைத் தலையன், பவளக்கொடியின் புருஷன், போன ஆடியில் மஞ்சக்காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கு முதலில் சிரித்திருப்பவன் அவனாகத்தான் இருக்கும். மண்டையைத் தடவிக்கொண்டு, “என்னப் புழிஞ்சா எண்ணெதான் மச்சான் வரும், மருந்து வராது” என்பான்.

பவளக்கொடி வெளியே வந்தாள். அவளுக்கும் மொட்டைத் தலைமேல் முக்காடுதான். இந்த ஊரில் முக்காடு போடாத பொம்பளை இப்போது யார் இருக்கிறார்கள்? அண்ணன் நிற்பதைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கேட்டுட்டுத்தான இருந்த?”

அவர் தலையை ஆட்டினார்.

“முகிலனுக்கு மொத மொட்ட அடிக்கறப்ப உம்மடியிலதாண்ணா உக்கார வெச்சோம். தாய்மாமன் மடி வேணும்னு கோயில்ல எல்லாரையும் காக்க வெச்சேன் நானு. அந்த மடிக்கு ஏதாச்சும் அர்த்தம் இருக்கோணுமல்ல?”

முகிலன் கூடத்தில் கட்டிலில் சுருண்டு படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வயசுப் பையனுக்கு வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. கண்ணின் வெள்ளை எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தது.

இந்த ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாயப்பட்டறைகள் நிறைந்த ஊர். ஒரு கம்பெனி புதிதாக ஒரு சாயத்துக்கு மூலப்பொருள் காய்ச்சி, மிச்சக் கழிவை ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டது. அது தெரிய வருவதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருந்தது. அந்த விஷம் உடம்பின் கொழுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலுக்கு வரும். பெரியாஸ்பத்திரி டாக்டர், பையனைக் காட்டப் போனபோது, பவளக்கொடிக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். நம் கல்லீரலுக்குள் கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறதாம். விஷம் வந்தால் அதுதான் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே போகுமாம். போனது போனதுதான், திரும்பி வராது. அதனால் உடம்பு புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். செய்வதற்குக் கந்தகம் உள்ள சத்து, சிஸ்டீன், வெளியிலிருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர்கள் கொஞ்ச காலம் தாங்குவார்கள், குழந்தைகள் தாங்க மாட்டார்கள். மருந்து நின்றால் மாசக்கணக்குதான் என்றார்.

அந்த மருந்தை முன்பெல்லாம் வெளிநாட்டில் பெரிய பெரிய தொட்டிகளில் நுண்ணுயிரை வளர்த்துத் தயாரித்தார்கள். அந்த நுண்ணுயிருக்கே ஒரு வைரஸ் வந்து எல்லா நாட்டிலும் தொட்டிகள் செத்துவிட்டன. கோழி இறகிலிருந்து எடுக்கலாம் என்றால் பறவைக் காய்ச்சலுக்குப் பயந்து தடை. மிஞ்சியது மனுசன் தலைமுடி. முடிக்குள் அவ்வளவு கந்தகம் இருக்கிறது. முடி கருகினால் ஒரு நாற்றம் வருமே, அதில் அந்தக் கந்தகமும் உண்டு.

அதனால் அரசாங்கம் ஊருக்கு ஊர் முடி மையம் திறந்தது. முடி கொண்டுவருகிறவர் யார் பெயரைச் சொல்கிறாரோ அவர் பெயருக்கு மருந்துச் சீட்டு. அன்றோடு எல்லாம் மாறிப்போயிற்று. சீப்பில் சிக்கிய முடியைக்கூட யாரும் இப்போது வெளியே போடுவதில்லை. எவர்சில்வர் கிண்ணம் கொடுத்துவிட்டு முடி வாங்கிப் போகிறவனை ஊருக்குள் விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வரிசை பெண்பிள்ளைகள் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதில்லை, ஜடையை அவிழ்க்கச் சொல்கிறார்கள். முழங்கால் வரை முடியுள்ள மருமகள் என்றால், நாளைக்குப் பிறக்கப்போகிற பேரனுக்கும் சேர்த்து வீட்டிலேயே மருந்து இருக்கிறது என்று அர்த்தம்.

சென்னியப்பனின் மகள் யாழினிக்கு முழங்கால் வரை முடி.

அன்று சாயங்காலம் பவளக்கொடி கிளம்பும்போது பையனுக்கு மருந்து கொடுத்தாள். கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கினாள், அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

“பாத்தியாண்ணா? முன்னயெல்லாம் கூமுட்ட நாத்தம் அடிக்கும். மூக்கப் புடிச்சு, கால அமுக்கி ஊத்தோணும். இப்ப ரெண்டு மூணு மாசமா நாத்தமே இல்ல. நல்ல மருந்தா மாத்திட்டாங்க போலிருக்குது. இன்னும் நாலஞ்சுதான் மிச்சம்.” சொல்லிக்கொண்டே அடுத்த நாளுக்கு ரெண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, புட்டியை அவர் சட்டைப்பையில் போட்டாள். அவர் வேலை பார்க்கும் மையத்தில் சீட்டு வாங்கும்போது பழைய புட்டி காட்ட வேண்டும் என்பது வழக்கம். அதற்குத்தான்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மனசு முழுக்க சமையலறையில் கேட்ட பேச்சிலேயே இருந்தது.

முடிவெடுத்தது யாழினி. மறுநாள் காலையில் பின்னலை அடியோடு கத்தரித்து, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போட்டு, மஞ்சப்பையில் வைத்து அப்பா கையில் கொடுத்தாள். தலை கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது.

“காங்கேயத்துக்காரங்க என்னப்பா சொல்லுவாங்க?” என்று அவளே கேட்டுவிட்டு, அவளே பதிலும் சொன்னாள். “முடியக் கட்டிக்க வந்தவங்க முடி இல்லைன்னா போயிருவாங்க. போகட்டும். அத்தைக்கு இனி வேற ஆரு இருக்காங்க?”

சிந்தாமணி வீட்டை இரண்டாக்கப் போகிறாள் என்று சென்னியப்பன் பயந்துகொண்டிருந்தார். அவளோ அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் வண்டியை எடுக்கும்போது மட்டும் பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னாள்.

“டெஸ்ட்டெல்லாம் வெக்காதீங்க. உங்க கையிலதான இருக்குது. அப்படியே வெள்ளச் சாக்குல போட்டுருங்க.”

கோபத்தில் சொல்கிறாள், மகள் முடியைச் சோதித்துப் பார்ப்பது அவமானம் என்று நினைக்கிறாள் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

மையத்தில் அவருடைய வேலையே அந்தச் சோதனைதான். பட்டறையில் சாயம் பதம் பார்த்துக்கொண்டிருந்தவரை அரசாங்கம் கூப்பிட்டு உட்கார வைத்தது. கொண்டுவந்த முடியில் ஒரு சிட்டிகை நறுக்கிக் கண்ணாடிக் குழாயில் போட வேண்டும். காஸ்டிக் சோடாக் கரைசல் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் முடி கரைந்து டீத்தண்ணி மாதிரி ஆகும். அதில் ஈயக் கரைசல் ஒரு சொட்டு விட வேண்டும். உயிருள்ள முடியென்றால் அந்த நிமிஷமே தார் மாதிரி கறுத்துப்போகும். அது கந்தகம். அந்த முடி வெள்ளைச் சாக்குக்குப் போகும், மருந்தாலைக்கு. பிளீச் போட்டு வெளுத்த முடி, பார்லரில் வேதிப்பொருள் போட்ட முடி, கறுக்காது. கந்தகம் வேறு உருவத்துக்கு மாறிப்போயிருக்கும். உடம்புக்கு உதவாது. அது நீலச் சாக்குக்கு, கயிறு திரிக்கப் போகும்.

விதி அப்படித்தான். ஆனால் எதிரில் நிற்பது முடி இல்லையே, மனுசங்க. கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து நிற்பாள். கல்யாணத்தின்போது கலர் அடித்த முடி, கரைசல் கறுக்காது. அவள் குழாயைப் பார்க்க மாட்டாள், அவர் முகத்தைப் பார்ப்பாள். அந்த மாதிரி நேரத்தில் சென்னியப்பன் குழாயைத் திருப்பி வைத்துவிட்டு முத்திரையைக் குத்திவிடுவார். எப்போதாவது ஒன்று என்று ஆரம்பித்தது. போகப்போக அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். அவர் மேஜைக்கு மட்டும் வரிசை நீளமாக இருக்கும். அந்த ஆள் நல்ல மனுசன் என்று பக்கத்து ஊர் வரைக்கும் பேர்.

இப்போது மஞ்சப்பையைப் பிரித்து மேஜையில் வைத்தார். அப்படியே வெள்ளைச் சாக்கில் போட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு ஓர் ஆசை. இத்தனை வருஷம் ஊரார் முடியெல்லாம் கறுப்பதைப் பார்த்தாயிற்று. எண்ணெய் வைத்துச் சீவி வளர்த்த மகள் முடி எப்படிக் கறுக்கும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நறுக்கிப் போட்டார். காஸ்டிக் ஊற்றிச் சூடு காட்டினார். ஈயச் சொட்டு விழுந்தது.

டீத்தண்ணி டீத்தண்ணியாகவே இருந்தது.

குழாய் அழுக்கு என்று நினைத்து வேறு குழாயில் செய்தார். பின்னலின் நடுவிலிருந்து எடுத்துச் செய்தார். கறுக்கவில்லை. வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

சிந்தாமணி மணி அடிப்பதற்குக் காத்திருந்தவள் மாதிரி உடனே எடுத்தாள்.

“வெச்சுப் பாத்துட்டீங்களாக்கும்.”

“என்ன செஞ்ச?”

“செம்பட்ட அடிச்சிருந்துச்சுங்க. அடிமுடியெல்லாம் தேங்கா நாராட்டம் ஆயிருச்சு. பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல பட்டா என்ன ஆவும்? நூலுக்குச் செய்யற மாதிரியே செஞ்சேன். பெராக்சைடுல நனைச்சு வெளுத்துட்டு, அப்பறம் கறுப்பு ஏத்துனேன். வெளுக்காம ஏத்துனா சாயம் நிக்காதில்லைங்க.”

கல்யாணத்துக்கு முன்னால் சாயப்பட்டறையில் வெளுக்கிற பிரிவில் வேலை பார்த்தவள் அவள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஒரு கறுப்புச் சாயப் பாக்கெட்டை வாங்கிப் பூசிவிட்டுப் போயிருப்பாள், முடியும் ஓரளவு பிழைத்திருக்கும். இந்த ஊர்க்காரிக்கு வெளுக்காத நூலில் சாயம் ஏற்றக் கை வராது.

“வெளுத்தா செத்துப்போகும்னு அப்பத் தெரியாதுங்க. ஒரு நா நீங்க சோறு உங்கறப்ப சொன்னீங்க. கையில இருந்த கரண்டியக் கீழ வெக்கக்கூட எனக்குத் தெம்பில்ல.”

“செம்பட்டைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியுமுங்க. அவளுக்கும் ஈரல்ல எறங்கிருச்சுன்னு அர்த்தம். அதான் சீக்கிரம் ஒரு நல்ல எடத்துல தள்ளிரலாம்னு பாத்தேன். அங்க மூணு பொம்பளைங்க, எல்லாருக்கும் நெறைய முடி. எம்புள்ளைக்கு மருந்து கெடைக்கும்னு பாத்தேன். நாம்பண்ணுனது தப்புங்களா?”

அவர் போனை வைத்துவிட்டார். நேற்றைய சட்டையையே போட்டிருந்தார், பையில் போனைப் போடும்போது ஏதோ கடகடத்தது. முகிலனின் மருந்துப் புட்டி.

நாத்தமே இல்ல, நல்ல மருந்தா மாத்திட்டாங்க.

அவர் வேகமாக உள்ளே போனார். கந்தகம் இருக்கிற மருந்து நாறாமல் எப்படி இருக்கும்? ஒரு கேப்சூலைப் பிரித்துக் குழாயில் கொட்டினார். காஸ்டிக், சூடு, ஈயச் சொட்டு. தாராகக் கறுத்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணி மாதிரி ஒரு சாம்பல் நிறம் வந்தது, அவ்வளவுதான். அடியில் மாவு வெந்து கூழாக நின்றது.

மருந்தாலையிலிருந்து மாதிரி எடுக்க வாரம் தவறாமல் வருகிற வேதியியல் அதிகாரி ஜெனிஃபா அன்று பக்கத்து அறையில் இருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவர் குழாயை அவள் முன்னால் நீட்டியபோது அவள் ஆச்சரியப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“கேப்சூலா?”

“எந்தங்கச்சி பையன் குடிக்கறது. இதுல ஆரு கைய வெச்சா மேடம்? ஆலையில திருடறாங்களா?”

“திருடுனா புடிச்சிரலாம் அண்ணாச்சி. ஒருத்தனும் திருடல. இத்தனை சீட்டு குடுத்திருக்கோம், இத்தனை கேப்சூல் வேணும்னு மேல இருந்து கணக்கு வருது. வர்ற முடில பாதி செத்த முடி. அதக் கரைச்சா மருந்து எங்கிருந்து வரும்? ஆனா சீட்டு இருக்குல்லா? குடுக்காம இருக்க முடியாது. அப்போ மருந்துக்குப் பதிலா மாவு வருது.”

“செத்த முடி எப்படி வெள்ளச் சாக்குல...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் அவரைப் பார்க்காமல் மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லா மையத்திலும் இதே கதைதான் என்றாள். யாரும் காசுக்குச் செய்யவில்லை, இரக்கப்பட்டுச் செய்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒன்றே ஒன்று, இந்தக் குழந்தைக்கு மட்டும் என்று. எல்லா ஒன்றும் சேர்ந்து ஒரே தொட்டிக்குள்தானே விழுகிறது. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

“ஒங்க மையத்துச் சாக்குலதான் கூடுதல் அண்ணாச்சி. நான் எழுதிக் குடுக்கல. ஒங்கள நல்ல மனுசன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு எழுத மனசு வரல.”

போகும்போது மேஜையில் கிடந்த பின்னலையும், கறுக்காத குழாய்களையும் பார்த்தாள். யாருடையது என்று கேட்டாள். ஒருத்தரோடது என்றார் அவர்.

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். பவளக்கொடியின் பையனை யார் கொன்றுகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கம்பெனியைச் சொல்லியிருப்பார், வைரஸைச் சொல்லியிருப்பார், மனசுக்குள் சிந்தாமணியைக்கூடச் சொல்லியிருப்பார். இனி யாரைச் சொல்வார்? இன்றே பின்னலை நீலச் சாக்கில் போட்டு நேர்மையாக உட்கார்ந்தால், இன்னும் கொஞ்ச நாளில் மருந்து மறுபடி நாற ஆரம்பிக்கும். யாழினிக்குத் தேவைப்படும்போது அது மருந்தாக இருக்கும். ஆனால் சீட்டு இல்லாமல் அதுவரை முகிலன் இருக்க மாட்டான். மாவோ கூழோ, அந்தச் சாம்பல் நிறத்தளவு கந்தகம் இருக்கிறதே, அதாவது அவனுக்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

கதவு திறந்து பவளக்கொடி உள்ளே வந்தாள். யாழினி போனில் சொல்லிவிட்டிருந்தாள் போல, பையனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், அவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. மேஜையில் கிடந்த பின்னலைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அண்ணியைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன், போய்க் காலில் விழப் போகிறேன், யாழினிக்கு ஆயுசுக்கும் நன்றியோடு இருப்பேன் என்று ஏதேதோ சொன்னாள். பின்னலை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

முகிலன் தானாக வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். கனமே இல்லை.

“மாமா, இந்த மாசமும் நாறாத மருந்தே வாங்கிக் குடுங்க. பழசு கூமுட்ட நாத்தம் அடிக்கும், வாந்தி வரும்.”

அவர் மேஜை மேல் இருந்த குழாய்களைக் கையால் மறைத்துக் கொண்டார். முத்திரையை மையில் ஒற்றிச் சீட்டில் குத்தினார். பெயர் எழுதும் இடத்தில் முகிலன் என்று எழுதினார். பின்னலைத் தூக்கி வெள்ளைச் சாக்கில் போட்டார். பவளக்கொடி கும்பிட்டுவிட்டு, பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் போனாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து அவர் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

“அடுத்தது” என்றார்.

ஒரு சின்னப் பெண் வந்தாள். யாழினியைவிட ஒன்றிரண்டு வயசு கூடுதலாக இருக்கும். தோளில் கட்டிய தூளியில் குழந்தை. பிளாஸ்டிக் கவரில் கொஞ்சம் முடி, நுனியெல்லாம் பழுப்பாகக் கலர் அடித்தது. தூரத்து ஊரிலிருந்து வருகிறேன், உங்கள் மேஜைக்குத்தான் போகச் சொன்னார்கள், நீங்கள் நல்ல மனுசனாமே என்றாள்.

அவர் நறுக்கிப் போட்டார், காஸ்டிக் ஊற்றினார், சூடு காட்டினார், ஈயச் சொட்டை விட்டார். அவள் குழாயைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீத்தண்ணி டீத்தண்ணியாகவே இருந்தது.

“இது ஆகாதும்மா” என்றார் சென்னியப்பன். “செத்த முடி. இத வெச்சு மருந்து செய்ய முடியாது.”

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரிடமோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள். அவர் அவளுடைய முடியை எடுத்து நீலச் சாக்கில் போட்டார். கறுக்காத முடி விஷயத்தில் அந்த மேஜையில் வெகுநாளைக்குப் பிறகு விதிப்படி நடந்த முதல் காரியம் அதுதான்.

கதையை எழுதி முடித்த பிறகும் எனக்கு அந்த இரண்டு சாக்குகளும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் யாழினியின் பின்னலை எந்தச் சாக்கில் போட்டிருப்பீர்கள்? தூளிக் குழந்தையோடு வந்த பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? நல்ல பதிலாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் தோன்றுவதை அப்படியே கீழே எழுதுங்கள். ஒருவர் விடாமல் எல்லாவற்றையும் படிப்பேன்.